தொடர்கதையின் முதல் அத்தியாயம்

1974ஆம் ஆண்டு வெளிவந்த ‘அவள் ஒரு தொடர்கதை’ திரைப்படத்தைக் கண்டு கண் கலங்கியோர் பலர். நாமும் கலங்கினோம். கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு கேட்டிருக்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்டோமா?

கே. பாலசந்தர் இயக்கிய அப்படத்திலே, சுஜாதா ஏற்ற கவிதா எனும் பாத்திரம் அலுவலகத்தில் உழைத்து ஒரு குடும்பத்தையே தாங்குகிறாள். தந்தை இல்லறத்தைக் கைவிட்டு ஏகிவிட்டார். அண்ணன் குடியிலே மூழ்கிக் கிடக்கிறான். தங்கை கைம்பெண். கவிதாவை விரும்பியவனின் மனம் தங்கையின்பால் திரும்புகிறது. இருவருக்கும் அவளே மணம் முடித்து வைக்கிறாள். கைம்பெண் மறுமணம்! வரவேற்கிறோம், வாழ்த்துகிறோம். ஆனால், பிறருக்கெல்லாம் வாழ்வு தேடித் தந்தவள் தனக்கென ஏதும் கொள்ளாமல் நிற்கிறாளே, ஏன்?

‘தியாகம்’ என்பர் சிலர். ‘தலைவிதி’ என்பர் வேறு சிலர். பழக்கம் என்கிறோம் நாம். இத்தகைய பெண்கள் ஒரே நாளில் உருவாவதில்லை. பிள்ளைப் பருவத்திலேயே கழுத்தில் ஏறிய நுகத்தடி அது!

பெற்றோரின் பொறுப்பைப் பிள்ளை சுமக்கும் இந்நிலைக்கு உளவியலார் தனிப்பெயரே இட்டு ஆராய்ந்துள்ளனர். இவான் போசோர்மெனி-நாகியும் ஜெரால்டின் ஸ்பார்க்கும் 1973இல் வெளியிட்ட நூல் அவ்வாராய்ச்சியிலே குறிப்பிடத்தக்கது. பிள்ளை வீட்டுக்கு உதவுவது தீங்கன்று. அளவான வேலை, அருகிலே ஆதரவாக ஒரு பெரியவர், இவை இருப்பின் அது பயிற்சி. தாயின் கண்ணீரையும் தந்தையின் கடனையும் பத்து வயதுப் பிள்ளை கேட்பாரின்றிச் சுமந்தால் அது பறிப்பு! பறிகொடுத்தவர் வளர்ந்த பின்னும், ஓய்ந்து உட்கார்ந்தால் குற்ற உணர்வு. உதவி கேட்க நாணம். அன்பென்பதே உழைத்துப் பெறும் கூலி என்ற எண்ணம். அடக்கி வைத்த சினம்.

அந்தச் சினத்தைப் பாலசந்தர் மறைக்கவில்லை. கவிதா பொறுமைப் பதுமையல்லள். வீட்டார் அஞ்சும் கடுஞ்சொல்லி. படைப்பின் வலிமை அது. ஆனால் முடிவிலே அவள் மீண்டும் அதே சுமையை ஏற்க, நாம் கைகூப்பி எழுந்து வருகிறோம். அவள் எப்படி அப்படியானாள் என்ற முதல் அத்தியாயம் படத்தில் இல்லை.

அந்த அத்தியாயத்தை நாம் வகுப்பறையிலே காண்கிறோம். தம்பிக்குச் சோறூட்டி, தாயை வேலைக்கு அனுப்பிவிட்டு, மணியடித்தபின் ஓடிவரும் சிறுமி கணக்குப் பாடத்தில் உறங்கி விழுகிறாள். “வீட்டில் உன்னை யாரம்மா பார்த்துக்கொள்கிறார்கள்?” என்றோம். “நான்தான் சார் எல்லாரையும் பார்த்துக்கிறேன்” என்றாள். கேட்ட கேள்வி வேறு என்பதுகூட அந்தப் பிஞ்சுக்குப் புரியவில்லை! ‘பொறுப்பான பெண்’ என்று அவளையே வகுப்பின்முன் புகழ்ந்தவர்கள் நாம். நுகத்தடிக்கு மாலை சூட்டினோம், வெட்கப்படுகிறோம்.

1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம், எத்தனையோ அக்காள்களின் இடுப்பிலிருந்து தம்பி தங்கையரை இறக்கி வைத்தது. எஞ்சியதை இறக்க வேண்டியவர் யார்? நாம்தான், தோழர்களே! அடுப்படி வேலையில் ஆண்பிள்ளைக்கும் பங்கு வேண்டும். குடும்பத்தின் துயரைப் பெரியவர்கள் பெரியவர்களிடம் சொல்லி ஆறவேண்டும்.

கவிதாவுக்காகக் கண்ணீர் விட்டது போதும். இன்றிரவு உங்கள் வீட்டு மூத்தவளிடம், “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேளுங்கள். விடை வர நேரமாகும். காத்திருங்கள்.