வெற்றிடத்தின் விலை

2021 இல் ஒஸ்கார் பரிசு பெற்ற ‘நோமாட்லாண்ட்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் நாயகி, வீடிழந்து வாகனத்திலே வாழும் ஒரு விதவை. பண்டிகைக் காலத்தில் அமேசன் கொம்பனியின் பண்டகசாலையிலே கூலிக்குப் பொதிகட்டுகிறாள். குளோயி சாவோவின் நெறியாள்கை மென்மையானது. அம்மென்மையே குறையாகவும் முடிந்துவிட்டது. அவள் உழைப்பைக் காண்கிறோம். எந்தப் பெட்டியை எடுக்கவேண்டுமென்று அவளுக்குக் கட்டளையிடுவது எது என்ற வினாவைப் படம் எழுப்பவேயில்லை.

இத்தகைய பண்டகசாலைகளிற் கட்டளையிடுவது ஒரு கணினி மென்பொருள். வாடிக்கையாளர் கேட்ட பொருள்களின் நீள அகல உயரங்களைக் கொண்டு, அவை அடங்கத்தக்க மிகச் சிறிய பெட்டியைக் கணித்துத் திரையிற் காட்டுவது அதன் தொழில். பொருள்கள் பெருகும்போது இக்கணக்குக்கு முற்றிலும் சரியான விடையை விரைவிற் காணும் பொதுவழி இன்றுவரை எவர்க்கும் தெரியாது. ஆதலின் எளிய விதிகளை நம்பவேண்டியுள்ளது: பெரிய பொருளை முதலில் எடு, அது கொள்ளும் முதற் பெட்டியில் இடு. நீளத்தை மாத்திரம் கருதும் வடிவில், பொருள்கள் ஏராளமாயிருக்கையில், இவ்விதி இன்றியமையாத பெட்டிகளுக்கு மேல் ஏறத்தாழ 22 வீதத்தைத் தாண்டி வீணாக்காது என 1973 இல் டேவிட் ஜோன்சன் நிறுவினார். அழகான முடிவு, கணித ஆசிரியர்கள் வகுப்பிற் சொல்லத்தக்கது.

ஆனால் இக்கணிதத்துக்குச் சந்தையிலே மதிப்பை உயர்த்தியது அதன் அழகன்று. அமெரிக்காவில் பொதிகளைக் கொண்டுசெல்லும் பெடெக்ஸ், யூ.பி.எஸ். ஆகிய கொம்பனிகள், தரைவழியில் 3 கன அடிக்குக் குறையாத பெட்டிகளுக்கே விதித்துவந்த பருமக் கட்டணத்தை, 2015 தொடக்கத்தோடு எல்லாப் பெட்டிகளுக்கும் விரித்தன. 1 கன அடிப் பெட்டியில் ஓர் இறகை வைத்து அனுப்பினாலும், அன்றைய விதிப்படி 11 இறாத்தலுக்குரிய கூலி கொடுக்கவேண்டும். காற்றுக்கு விலை வந்தது; விலை வந்ததும் அது கணக்கினுட் புகுந்தது.

மட்டை மிச்சப்படுவதும், லொறிகள் வெறுங்காற்றைச் சுமவாதிருப்பதும் நன்மைகளே. அவற்றை மறுப்பது பொறிகளை உடைத்தோரின் பழைய பிழையைப் புதுப்பிப்பதாகும். நம் கேள்வி வேறு. குனிந்து நிமிரும் முதுகுக்கு இக்கணக்கிலே என்ன இடம்? இடம் உண்டெனின் அது விநாடிகளாக மாத்திரமே. மலசலகூடம் செல்லத் தடையாகும் வேலையளவை விதிக்கலாகாது என்று சொல்வதற்கு, 2022 இல் நடைமுறைக்கு வந்த கலிபோர்ணியாச் சட்டமொன்று தேவைப்பட்டது. இந்த எல்லை எந்த மென்பொருளிலும் தானாக முளைக்கவில்லை.

படத்துக்கு மூலமான ஜெசிக்கா புரூடரின் நூல் 2017 இல் வெளிவந்தது. பண்டகசாலைச் சுவர்களிலே வலிநிவாரணி மாத்திரைகளை இலவசமாக வழங்கும் பொறிகளை அது காட்டுகிறது. படத்திலோ மாத்திரைகளுக்கு இடமில்லை. கமெரா உண்மையான அமேசன் பண்டகசாலைக்குள்ளே அனுமதி பெற்றுச் சென்றது. அவ்வனுமதியின் விலை இதுவோ என ஐயுறுவோரைக் குறைகூற முடியாது. நீண்ட சொற்பொழிவை நாம் கேட்கவில்லை. திரை காட்டிய பெட்டியிலே பொருள் கொள்ளாதபோது, விநாடிகள் ஓடிக்கொண்டிருக்க, அந்த முதியவள் தன் கண்மதிப்பை நம்பி வேறொரு பெட்டிக்குக் கைநீட்டும் ஒரு காட்சி இருந்திருந்தாலே போதும்.