முதியோர் சட்டவியல்: கடனும் கைம்மாறும்

முதுமையைத் தனியொரு சட்டப் பொருளாகக் கொண்டு ஆராயும் முதியோர் சட்டவியல் ஓர் இளந்துறை. அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டு மெடிகேர், மெடிகேய்ட் என்னும் மருத்துவ உதவித் திட்டங்கள் தோன்றின. அவற்றின் சிக்கலான விதிகளை விளக்கவும் முதியோரின் சொத்தைக் காக்கவும் வழக்கறிஞர்கள் தேவைப்பட்டனர். தொழிலாகத் தொடங்கிய அத்துறை பின்னர்ப் பாடமாயிற்று. 1993இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அதற்கெனத் தனி ஆய்விதழும் தோன்றியது. அங்கு முதியவருக்கும் அரசுக்கும் உள்ள உறவே முதன்மை பெற்றது எனலாம்.

சிங்கப்பூரிலோ குடும்பம் முதன்மை பெற்றது. சட்டப் பேராசிரியரும் நியமன நாடாளுமன்ற உறுப்பினருமாயிருந்த வால்டர் வூன் தனியுறுப்பினர் மசோதாவாகக் கொணர்ந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 1995இல் நிறைவேறியது. தம்மைத் தாமே பேண இயலாத, 60 வயது நிரம்பிய பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோர அது வழிசெய்தது. பெற்றோரைப் பேணும் ஆசிய அறத்தின் சட்ட வடிவமே இது என்னும் கருத்து பரவலாக உண்டு. அக்கருத்து முழுமையானதன்று என்பது நம் துணிபு.

பிள்ளையைக் கைவிட்ட, துன்புறுத்திய அல்லது புறக்கணித்த பெற்றோரின் கோரிக்கையைத் தள்ளவோ தொகையைக் குறைக்கவோ நடுவர் மன்றத்துக்குத் தொடக்கத்திலேயே அதிகாரம் இருந்தது. 2010இன் திருத்தம், வழக்குக்கு முன் சமரசம் காண வேண்டும் என்றது. 2023இன் திருத்தம் மேலும் ஒருபடி சென்றது. அத்தகைய செயல் பதிவாகியுள்ள பெற்றோர் மன்றத்தின் அனுமதி பெற்ற பின்னரே கோரிக்கையைத் தொடர இயலும். ஆகவே இச்சட்டம் விதிப்பது நிபந்தனையற்ற கடனன்று. அதில் கைம்மாற்றின் கூறும் உண்டு.

இவ்வேறுபாடு தமிழாசிரியர்க்கும் உரியது. 'பெற்றோரைப் பேணுதல்' என்னும் தலைப்பில் மாணவர் எழுதும் கட்டுரைகளில் கடமை பெரும்பாலும் பிள்ளையின் பக்கமே நிற்கிறது. தந்தையால் கைவிடப்பட்ட மாணவனும் அவ்வகுப்பில் இருக்கக்கூடும். சட்டம் அவனுக்கு அளித்துள்ள இடத்தை நம் பாடம் மறுப்பது முறையாகுமா?

இதனால் முதியோரின் பாதுகாப்புக் குன்றும் என அஞ்ச வேண்டியதில்லை. தவறிழைத்த பெற்றோருக்கும் சட்டம் கதவை அடைக்கவில்லை. அவரும் அனுமதி கோரலாம். எனவே இத்துறையைத் தமிழில் எழுத முனைவோர் அறநூல் மேற்கோளோடு நில்லாது, சட்டத்தின் விலக்குகளையும் கூர்ந்து கற்றல் வேண்டும்.