கேட்பாரில்லாத அறை

அமெரிக்கச் சித்திரக்கதை உலகில் ‘பெருநிகழ்வு’ என்றொரு வழக்கம் நெடுங்காலமாக நிலவி வருகிறது. ஆண்டு முழுவதும் தத்தம் இதழ்களில் தனித்தனியே உலவும் மாவீரர்கள் ஏதேனும் ஒரு பேரிடரை முன்னிட்டு ஒரே கதைக்குள் ஒன்றுகூடுவார்கள். முதன்மைக் கதை ஒரு குறுந்தொடராக வரும். அதன் கிளைகள் மற்ற இதழ்களில் படரும். எல்லாவற்றையும் வாங்கினால்தான் கதை முழுதும் விளங்கும் என்று வாசகர் நம்பவைக்கப்படுவார். டி.சி. நிறுவனம் 1985, 1986ஆம் ஆண்டுகளில் 12 இதழ்களாக வெளியிட்ட ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ இவ்வழக்கத்தை உறுதிப்படுத்தியது. எண்ணிறந்த உலகங்கள் அதில் அழிந்தன. ஃபிளாஷ் எனப்படும் பாரி ஆலன் எஞ்சிய உலகங்களைக் காக்க ஓடி ஓடியே உயிர்நீத்தார். அன்றுமுதல் ஒரு தலைப்பில் ‘கிரைசிஸ்’ என்ற சொல் இடம்பெற்றாலே வாசகர் பெரிதாக எதையோ எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவர்.

அந்தச் சொல்லைத் தாங்கி, 2018 செப்டம்பர் முதல் 2019 மே வரை 9 இதழ்களாக வெளிவந்தது ‘ஹீரோஸ் இன் கிரைசிஸ்’. எழுதியவர் டாம் கிங். பெரும்பகுதிக்குச் சித்திரம் தீட்டியவர் கிளே மன். இதனை நாம் ஆவலோடு எதிர்நோக்கியதற்குக் காரணம் உண்டு. இம்முறை வானம் இடிந்து விழவில்லை. வேற்றுலகப் படை எதுவும் இறங்கிவரவில்லை. வாழ்நாளெல்லாம் வன்செயலின் நடுவே நிற்பவர்களின் உள்ளம் என்னவாகும் என்ற கேள்வியே இக்கதைக்கு வித்து. டாம் கிங் எழுத்துலகுக்கு வருமுன் அமெரிக்க உளவுத்துறையில் பயங்கரவாத எதிர்ப்புப் பணி புரிந்தவர். கடுமையான மனப்பதற்றத்துக்குத் தாம் ஆளானதைப் பொதுவில் மறையாது கூறியவர். 2018, 2019 ஆகிய ஈராண்டுகளிலும் சிறந்த எழுத்தாளருக்கான ஐஸ்னர் விருதைப் பெற்றவர். இத்தகைய பொருளை எழுத இவரினும் தகுதியானவர் யார் என்றே நாம் எண்ணினோம்.

கதையின் களம் ஓர் அடைக்கலம். ‘சாங்சுவரி’ என்பது அதன் பெயர். சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் உமன் ஆகிய மூவரும் சேர்ந்து, நாட்டுப்புறத்துப் பண்ணைவீடு ஒன்றின் தோற்றத்தில் அதனை அமைத்திருக்கிறார்கள். போரில் உடைந்தவர்கள், உற்றாரை இழந்தவர்கள், தம் கையால் நிகழ்ந்ததை மறக்க இயலாதவர்கள் அங்கே இரகசியமாக வந்து தங்குவர். ஒருவரையொருவர் அறியாதபடி முகமூடி அணிந்துகொள்வர். பணிவிடை புரிபவை இயந்திரங்கள். நோயாளி ஒரு கேமராவின் முன் தனியே அமர்ந்து மனத்திலுள்ளதைச் சொல்லுவார். பதிவானது அழிக்கப்பட்டுவிடும் என்பது அவருக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதி.

இந்த வாக்குமூலங்களைக் கிளே மன் முதலான ஓவியர்கள் பக்கத்துக்கு 9 கட்டங்களாக, எவ்வித அலங்காரமுமின்றி வரைந்திருக்கிறார்கள். ஒரே முகம், ஒரே கோணம். ஒரு கட்டத்தில் பேசுவார், அடுத்ததில் தலைகுனிவார், வேறொன்றில் சொல்லத் தொடங்கி நிறுத்துவார். நூல் முழுதிலும் நம்மை உலுக்கியவை இப்பக்கங்களே. தாம் அணிந்திருக்கும் வேடங்களில் எது மெய், எது பொய் என்று சூப்பர்மேனே தடுமாறுகிறார். வலிநிவாரண மாத்திரைகளுக்கு அடிமையான கதையை ராய் ஹார்ப்பர் சொல்கிறார். இவ்விளைஞரின் வரலாறு சற்று நீண்டது. 1971ஆம் ஆண்டில் டென்னி ஓ’நீலும் நீல் ஆடம்ஸும் ‘கிரீன் லாண்டர்ன்’ இதழில் இவரைப் போதை ஊசிக்கு அடிமையானவராகக் காட்டினார்கள். தன்னை வளர்த்தவரிடமே அதை மறைத்து வாழ்ந்த வளர்ப்பு மகன் இவர். மாவீரர்களின் இல்லத்திலும் இக்கேடு புகும் என்று அன்று சொல்லத் துணிந்தது பெரிய காரியம். ஏறத்தாழ அரை நூற்றாண்டாக ஒரு கதாபாத்திரம் சுமந்துவந்த காயம் இங்கே ஒரே பக்கத்தில் பேசப்படுகிறது. அப்பக்கம் அந்தச் சுமைக்கு ஈடுகொடுக்கிறது.

ஆனால் அவர் பேசி முடித்ததும் கதை அவரைப் பிணமாக்கி வெளியே கிடத்திவிடுகிறது. முதல் இதழிலேயே அடைக்கலத்தில் இருந்தவர்கள் கொத்தாக மாண்டு கிடக்கிறார்கள். தப்பியவர்கள் இருவர்: பூஸ்டர் கோல்ட், ஹார்லி குவின். கொலை செய்தது மற்றவரே என்று ஒவ்வொருவரும் தம் கண்ணால் கண்டதாகச் சொல்கின்றனர். பேட்மேனும் மீண்டு வந்துவிட்ட பாரி ஆலனும் துப்புத் துலக்கப் புறப்படுகிறார்கள். அத்தோடு நூலின் போக்கே மாறிவிடுகிறது. துயருற்றோரின் வாக்குமூலங்களை நாம் இனி துயரமாக வாசிக்க முடிவதில்லை. இவர் கொலைகாரராக இருப்பாரோ, இந்தச் சொல்லில் ஏதேனும் துப்பு மறைந்திருக்குமோ என்று துருவத் தொடங்குகிறோம். அப்படித் துருவும்படி நம்மைப் பழக்குவது கதையின் அமைப்பே. ஒருவன் நெஞ்சைத் திறந்து காட்டும்போது அவன் சட்டைப்பையைச் சோதிப்பதற்கு ஒப்பானது இது. துப்பறியும் கதையை நாம் இழிவாகக் கருதுபவரல்லோம். செஸ்டர்டன் படைத்த பிரவுன் பாதிரியாரை விரும்பிப் படித்தவர்கள் நம்மில் பலர். ஆயினும் அழுகிறவரின் அருகே அமர வாசகரை அழைத்துவிட்டு, அவரையே புதிர்க்காயாக நகர்த்துவது முறையன்று.

கொலையாளி யார் என்பது நூல் வெளிவந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டமையால் மறைக்கத் தேவையற்ற செய்தி. அவர் வாலி வெஸ்ட். 1959இல் பாரி ஆலனின் இளம் துணைவராக அறிமுகமாகி, பாரியின் மறைவுக்குப்பின் ஃபிளாஷ் என்ற பெயரையும் பணியையும் ஏற்று இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவர். ஒரு தலைமுறை வாசகருக்கு ஃபிளாஷ் என்றால் இவர்தாம். 2011இல் நிறுவனம் தன் கதையுலகத்தை முதலிலிருந்து தொடங்கியபோது இவர் இருந்த சுவடே அழிக்கப்பட்டது. 2016இல் ஜெஃப் ஜான்ஸ் எழுதிய ‘டி.சி. யூனிவர்ஸ் ரீபர்த்’ இதழில் மீண்டும் தோன்றினார். எவர் நினைவிலும் இல்லாதவராக, மனைவி லிண்டாவுக்கும் அந்நியராக, காற்றோடு கரைந்துகொண்டிருந்தவரைக் கடைசி நொடியில் பாரி ஆலன் அடையாளம் கண்டு அணைத்துக்கொள்கிறார். வணிக நோக்கில் வெளியான இதழ்தான். ஆயினும் மறக்கப்பட்ட ஒருவரைப் பெயர்சொல்லி அழைக்கும் அக்காட்சியில் வாசகர் பலர் கண்கலங்கினர். இழந்துபோன நம்பிக்கை திரும்பியதன் சின்னமாக நிறுவனமே அவரை முன்னிறுத்தியது. அத்தகையவரை மூன்றாண்டுகள் செல்லுமுன் இந்நிலைக்குக் கொணர்ந்ததே வாசகரின் சினத்துக்கு முதற்காரணம்.

எமது குறை அதுவன்று. நல்லவர் வீழ்வதை எழுதலாம், எழுதவும் வேண்டும். தாவீது அரசரின் வீழ்ச்சியை மறைக்காத திருநூலை வாசிப்பவர்கள் அதற்கு முகம் சுளிக்கலாகாது. அவர் வீழ்ந்த விதத்தை இக்கதை எங்ஙனம் கையாள்கிறது என்பதே கேள்வி.

மனைவியின் நினைவிலும் இல்லாமல், இரு பிள்ளைகள் பிறந்ததே இல்லை என்றாகிவிட்ட உலகில் தனியே நிற்கும் வாலி, அடைக்கலத்துக்கு வருகிறார். முகமூடி அணிந்தவர்களிடையே யாரும் யாரையும் அறியாமல் வாழும் அவ்வீட்டில், துன்பப்படுபவர் தாம் ஒருவரே, மற்றவர்களெல்லாம் தம்மைக் கேலிசெய்யவே நடிக்கிறார்கள் என்ற ஐயம் அவரைப் பற்றுகிறது. உண்மையை அறிய, அழிக்கப்பட்ட பதிவுகளின் துணுக்குகளைத் தம் மின்னல் வேகத்தால் ஒன்றுசேர்த்துப் பார்த்துவிடுகிறார். அத்தனை பேரின் வேதனையும் ஒரேயடியாக அவர்மேல் கவிழ்கிறது. ஒரு கணம் தம் ஆற்றலின்மீது பிடியிழக்கிறார். வெடித்தெழுந்த சக்தி அருகிலிருந்தவர்களைக் கொன்றுவிடுகிறது.

இவ்விடத்தில் ஆசிரியர் கைக்கு அரியதொரு பொருள் அகப்பட்டது. அடைக்கலம் ஏன் தோற்றது? அங்கே பேசுவதற்கு இடமிருந்தது, கேட்பதற்கு ஆளில்லை. ஒப்புரவுத் தொட்டியில் முழந்தாளிட்டவர்களுக்கு இந்த வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டியதில்லை. மரப்பலகைக்கு அப்பால் ஒரு மனிதர் இருக்கிறார். மூச்சு விடுகிறார், சிலபோது இருமுகிறார், கடைசியில் நம்மை நோக்கி ஒரு சொல்லைச் சொல்லுகிறார். கேட்டதை வெளியிடுவதினும் தம் உயிரை விடுவதற்கு அவர் கடமைப்பட்டவர். சாங்சுவரியில் இருந்ததோ ஒரு கேமராவும், அழித்துவிடுவோம் என்ற உறுதிமொழியும். அழித்தவை மீண்டன. அவ்வாக்குமூலங்கள் பத்திரிகையாளர் லோயிஸ் லேனின் கைக்குச் சென்று உலகறியச் செய்யப்படுகின்றன, அனுப்பியவரும் வாலியே. இந்த நம்பிக்கைத் துரோகம் ஒன்றே தனி நூலுக்குப் போதுமான பொருள். இங்கோ அதன் அதிர்ச்சி ஒரு சொற்பொழிவோடு தணிந்துவிடுகிறது. பேட்மேனும் மற்ற இருவரும் ஏன் ஓர் இயந்திரத்தை அமர்த்தினார்கள், ஏன் தாமே அங்கு உட்காரவில்லை என்று கதை நின்று வினவுவதில்லை.

அடுத்து, குற்றத்தின் தன்மை. செயலின் தீமையை எடைபோடுகையில் அறிவையும் சம்மதத்தையும் தனித்தனியே நோக்கவேண்டும் என்பது பழைய பாடம். அந்த உயிரிழப்புகள் வாலியின் அறிவோடும் சம்மதத்தோடும் நிகழ்ந்தவையல்ல. ஆனால் அதன்பின் அவர் செய்தவை அனைத்தும் தெளிந்த அறிவோடு செய்தவை. அடைக்கலத்தின் கருவிகளைக் கொண்டு பூஸ்டர், ஹார்லி இருவர் மனத்திலும் பொய்க் காட்சிகளைப் பதித்தார். காலத்தில் சில நாள் முன்சென்று, தம் எதிர்கால உடலையே கொணர்ந்து பிணங்களுக்கிடையே கிடத்தினார். குற்றமற்ற இருவர்மீது கொலைப்பழி விழச் செய்தார். கதையின் மெய்யான பாவம் இதுவே. கதையோ விபத்தின்மீது கண்ணீர் வடித்து, வஞ்சகத்தைக் காலப்பயண விளக்கங்களுக்குள் கரைத்துவிடுகிறது.

எனினும் ஒன்பதாம் இதழில் ஒரு வாயில் திறந்தது. தற்கொலையின் விளிம்பில் நிற்கும் வாலியைத் தேடி வருபவர்கள், அவரால் பழிசுமத்தப்பட்ட பூஸ்டரும் ஹார்லியுமே. தீங்கிழைத்தவரும் தீங்குற்றவர்களும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். எட்டு இதழ்களாக நாம் பொறுத்துக்கொண்ட குளறுபடிகளுக்கெல்லாம் இங்கே ஈடுகிடைக்கும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தோம். நடந்தது என்ன? எதிர்காலத் தொழில்நுட்பத்தால் வாலியின் உடலைப் போலவே ஒரு நகல் உடலைச் செய்துகொண்டால் அவர் சாகத் தேவையில்லை என்று பூஸ்டர் ஓர் உபாயம் சொல்கிறார். சில கேலிப் பேச்சுகள். பிறகு வாலி சிறைக்குப் போகிறார். ‘எனக்கு ஏன் இப்படிச் செய்தாய்?’ என்ற கேள்விக்கு இங்கே உரிய இடம் அளிக்கப்படவில்லை. அக்கேள்வியைக் கடக்காமல் மன்னிப்பு எங்கே பிறக்கும்?

வாசகரின் எதிர்ப்பு வலுத்தது. நிறுவனம் இரண்டாண்டுகளில் வழிகண்டது. 2021இல் ஜெரமி ஆடம்ஸ் எழுதிய ‘ஃபிளாஷ்’ ஆண்டு மலரில் அந்த வெடிப்புக்கு வேறொரு தீயோன் காரணம் என்று காட்டப்பட்டது. வாலி குற்றமற்றவர் என்றாயிற்று. மனைவி மக்களும் முன்னமே மீண்டுவிட்டனர். வாலியை நேசித்தவர்கள் மகிழ்ந்தார்கள். அம்மகிழ்ச்சியை நாம் பழிக்கவில்லை. ஆனால் நீதிமன்றம் விடுவித்தவன் வேறு, மன்னிக்கப்பட்டவன் வேறு. இக்கதையுலகுக்கு முன்னது கைவந்த கலை. இறந்தவர் இறக்கவில்லை, செய்தவர் செய்யவில்லை என்று ஏட்டைத் திருத்தி எழுத அதற்குத் தெரியும். 1985இன் தியாகத்தையே அது அவ்விதம் திருப்பிப் பெற்றுக்கொண்டது. பாரி ஆலன் 2008இல் உயிரோடு திரும்பினார். செய்தவன் செய்தவனாகவே நின்று, அதைத் தாங்கி வாழும் வழியைத் தேடும் கதைக்கு அங்கே இடம் அரிதாகிவிடுகிறது. அடுத்த மாத இதழுக்கு அப்பாத்திரம் களங்கமின்றித் தேவைப்படுகிறது என்பதையும் நாம் அறியாமலில்லை.

இதே எழுத்தாளர் 2017, 2018ஆம் ஆண்டுகளில் மிட்ச் ஜெராட்ஸின் சித்திரத்தோடு படைத்த ‘மிஸ்டர் மிராக்கிள்’ பன்னிரண்டு இதழ்களை வாசித்தவர்களுக்கு ஏமாற்றம் இன்னும் மிகும். அதுவும் உள்ளம் உடைந்தவரின் கதை. தற்கொலை முயற்சியோடு தொடங்குவது. அதே 9 கட்டப் பக்கங்கள். ஆனால் அங்கே ஸ்காட் ஃப்ரீ பேசும்போது பக்கத்தில் மனைவி பார்டா இருக்கிறாள். சில வேளை அவள் பதில் சொல்லுகிறாள். சில வேளை பேச்சை மாற்றி, வீட்டைத் திருத்தி அமைப்பது பற்றிப் பேசுகிறாள். அதுபோதும்.

டாம் கிங்கை அறிய விழைவோர் அந்நூலிலிருந்து தொடங்கலாம். ‘ஹீரோஸ் இன் கிரைசிஸ்’ கைக்குக் கிடைத்தால், வாக்குமூலப் பக்கங்களை மட்டும் தேடி வாசித்துவிட்டு மூடிவைப்பதில் பெரிய இழப்பில்லை. ராய் ஹார்ப்பரின் பக்கத்தைத் தவறவிட வேண்டாம்.