பதினாறு டன் துரு

பிரிட்டிஷ் ரயில்வேயின் 16 டன் நிலக்கரி வேகனில் அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. நான்கு சக்கரம், மேலே திறந்த இரும்புப் பெட்டி, இரு பக்கமும் கதவு, நிலக்கரியைக் கவிழ்த்துக் கொட்ட ஒரு முனையில் இன்னொரு கதவு. அந்த முனை எது என்று தூரத்திலிருந்தே தெரிவதற்காக உடம்பில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு. அவ்வளவுதான். இந்த வகையில் இரண்டு லட்சத்துக்கும் மேல் கட்டித் தள்ளினார்கள். அந்த வேகனை, ஓர் அடிக்கு 4 மி.மீ. என்ற அளவில் 66 மி.மீ. நீளத்துக்குச் சுருக்கி, பிளாஸ்டிக் கிட்டிலிருந்து ஒட்டியெடுத்து, பெயின்ட் அடித்து, பிறகு அந்தப் பெயின்ட்டின் மேல் இருபது வருஷத்து வெயிலையும் மழையையும் ஏற்றுகிற கலை ஒன்று இங்கிலாந்தில் வளர்ந்திருக்கிறது. மாடல் ரயில் என்றதும் எல்லோர் கண்ணும் என்ஜின் மீதுதான் போகும். எனக்கு அதன் பின்னால் வருகிறவைதான் விருந்து.

பார்க்சைடு, கேம்ப்ரியன், ஸ்லேட்டர்ஸ், ரேஷியோ என்று பழைய பெயர்கள் பல இந்தத் துறையில் உண்டு. பெட்டியைத் திறந்தால் சட்டத்தோடு ஒட்டிய சாம்பல் நிறத் துண்டுகள்: இரண்டு பக்கம், இரண்டு முனை, ஒரு தளம், அடிச்சட்டங்கள், பிரேக் சாமான்கள், பஃபர்கள். கத்தியால் வெட்டி, பிசிறை உப்புத்தாளில் தேய்த்து, ஒட்ட வேண்டியது. இங்கே பசை என்பது பசையே அல்ல. தண்ணீர் போன்ற ஒரு கரைப்பான். இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் இடுக்கின் ஓரத்தில் ஒரு சொட்டு தொட்டால் போதும். அது தானாகவே இடுக்கு முழுவதும் ஓடிப் பரவி, பிளாஸ்டிக்கை இளக்கி ஒன்றாக்கிவிடும். நல்ல கைக்காரர்கள் செய்த வேகனில் இணைப்பு எங்கே என்று விரலால் தடவினாலும் தெரியாது.

இந்தக் கரைப்பானைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மூடிய கூரை உள்ள வேகனில் அதன் ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டால், பல மாதம் கழித்து பக்கச் சுவர்கள் உள்வாங்கிக் குழிந்துவிடும். அதனால் அனுபவஸ்தர்கள் தளத்தில் கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு துளை போட்டுவிடுவார்கள். எடைக்காக வைக்கிற ஈயமும் இப்படித்தான். மரவேலைக்கு உதவும் வெள்ளைப் பசையில் ஈயக் குண்டுகளைக் குழைத்து அடைத்தால், வருஷங்கள் போகப் போக ஈயம் அரித்து வெள்ளையாகப் பூத்து, ஊதி, வேகனையே பிளந்துவிடும். இன்று கண்காட்சியில் நேராக நிற்கும் வேகனைவிட, முப்பது வருஷத்துக்கு முன் கட்டி இன்றும் நேராக நிற்கும் வேகனுக்குத்தான் என் கும்பிடு.

நான்கு சக்கரமும் ஒரே தளத்தில் படிய வேண்டும் என்பது அடுத்த சோதனை. கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து ஒரு மூலையை விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். ஆடினால், அச்சைத் தாங்கும் பித்தளைக் குமிழ் ஒருபக்கம் ஏறியோ அடிச்சட்டம் முறுகியோ இருக்கிறது என்று அர்த்தம். அங்கே சமாதானம் பேசக் கூடாது, பிரித்துத் திரும்ப ஒட்டத்தான் வேண்டும். சக்கரங்கள் ஓடும் தண்டவாளத்திலும் ஒரு சிக்கல் உண்டு. இந்த 4 மி.மீ. மாடல்களில் வழக்கமான ஓஓ வகையில் தண்டவாள அகலம் 16.5 மி.மீ. நிஜத்தோடு ஒப்பிட்டால் இது குறுகல். அந்தக் குறை பொறுக்காதவர்கள் 18.83 மி.மீ. அகலத்துக்குப் போய், சக்கரத்தின் விளிம்பைக்கூட அளவுக்கு மெலிய வைக்கிறார்கள். அவர்களுடைய வேகனை எதிர்முனையிலிருந்து குனிந்து பார்த்தால், அது நிற்கிற தோரணையே வேறு.

கட்டுவதில் என்னை மிகவும் கவர்வது மார்ட்டன் பிரேக். வேகனின் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் பிரேக் கைப்பிடி நம் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆக, இரண்டு கைப்பிடிகளும் வேகனின் எதிரெதிர் முனைகளில் இருக்கும். ஒன்றை அழுத்தினால் நடுவே குறுக்காகச் செல்லும் தண்டு ஒரு திசையிலும், மற்றதை அழுத்தினால் எதிர்த்திசையிலும் சுழலும். ஒரு திசையில் பிரேக் பிடிக்கும், மறு திசையில் விட்டுவிடும். இதைத் தீர்க்க ஒரு பக்கத்தில் மட்டும் திசையைத் திருப்பிவிடும் பல் அமைப்பு ஒன்றை வைத்தார்கள். கிட்டில் அது அரிசி அளவுத் துண்டு. அதை மறு பக்கத்தில் மாற்றி ஒட்டினாலும் வேகன் ஓடும், பார்ப்பவர் நூற்றில் ஒருவருக்குக்கூடத் தெரியாது. ஆனால் அந்த வேகனில் ஒரு தொழிலாளி எவ்வளவு அழுத்தினாலும் பிரேக் பிடிக்காது. சரியான பக்கத்தில் அது ஒட்டியிருப்பதைக் கண்டால், கட்டியவர் ஓடுகிற வண்டியைக் கட்டியிருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிடும்.

இனி துரு. வெதரிங் என்று மாடல்காரர்கள் சொல்லும் இந்த வேலையில் மார்ட்டின் வெல்ச் 1993-இல் எழுதிய 'ஆர்ட் ஆஃப் வெதரிங்' இன்றும் பலருக்குப் பாடநூல். ஏர்பிரஷ்ஷால் எல்லாவற்றின் மேலும் ஒரே பழுப்பை ஊதிவிட்டு, பழசாகிவிட்டது என்று நிறுத்திக்கொள்வது சுலபம். கடையில் தயாராக வரும் பல மாடல்கள் அப்படித்தான் இருக்கின்றன. எனக்கு அவை பிடிப்பதில்லை. அழுக்கு அப்படி சமமாகப் படிவதில்லை.

நிலக்கரி வேகன் எப்படிக் கெடுகிறது என்று பாருங்கள். நிலக்கரியில் கந்தகம் உண்டு. மழையில் நனைந்த கரியிலிருந்து ஊறும் நீரில் அமிலம் ஏறும். அது உட்புறத்தில் தேங்கித் தகட்டை அரிக்கும். மேலிருந்து விழும் கரிக்கட்டிகள் உள் பெயின்ட்டை ஏற்கெனவே உடைத்திருக்கும். ஆகவே பல இடங்களில் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளிப்பக்கம் சாம்பல் பெயின்ட் முதலில் கொப்புளிக்கும், பிறகு ஓரம் சுருண்டு உதிரும், கீழே சிவந்த இரும்பு தெரியும், அங்கிருந்து மழைநீர் ஒரு கோடு இழுத்துக்கொண்டு இறங்கும். புதுத் துரு ஆரஞ்சு. பழைய துரு கிட்டத்தட்ட நாவல்பழக் கறுப்பு. இரண்டும் ஒரே வேகனில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

இதை மாடலில் கொண்டுவர ஓர் அருமையான வழி இருக்கிறது. முதலில் வேகன் முழுவதையும் துரு நிறங்களால் திட்டுத்திட்டாகப் பூசுவார்கள். காய்ந்ததும், துரு வெளியே தெரிய வேண்டிய இடங்களில் மட்டும் ரப்பர் போல உறையும் மறைப்புத் திரவத்தைக் கிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றுவார்கள். அதன் மேல் ரயில்வே சாம்பல். கடைசியில் விரலால் தேய்த்தால் ரப்பர் உருண்டு வந்துவிடும். பெயின்ட் ஓரம் இம்மியளவு உயர்ந்து, நிஜமாகவே உரிந்த மாதிரி நிற்கும். மேலே பூசும் அழுக்கு எனாமலை டர்பன்டைனில் தொட்ட பஞ்சால் பெரும்பகுதி துடைத்தெடுப்பார்கள். துடைப்பது எப்போதும் மேலிருந்து கீழே, மழை போகிற வழியில். ஆணித் தலைகளைச் சுற்றியும் மூலைகளிலும் தங்குவது மட்டும் தங்கும்.

மர வேகன் வேறு விதம். 1948-இல் ரயில்வே தேசவுடைமையானபோது சுரங்க முதலாளிகளுடைய பழைய மர வேகன்கள் லட்சக்கணக்கில் அரசிடம் வந்து சேர்ந்தன. அவற்றுக்கு முழுசாகப் பெயின்ட் அடிக்க யாருக்கும் நேரமில்லை. எண் எழுதும் இடத்தில் மட்டும் ஒரு கறுப்புப் பட்டை அடித்து, பி என்ற எழுத்தோடு புது எண் போட்டார்கள். பலகைகளில் பழைய முதலாளியின் பெயர் அரைகுறையாகத் தெரிந்துகொண்டே இருந்தது. பெயின்ட் போன பலகை பழுப்பாக இருக்காது, வெயிலில் வெளுத்து வெள்ளிச் சாம்பலாகிவிடும். நடுவில் மாற்றிய ஒரு புதுப் பலகை மட்டும் வெளிர் மஞ்சளாக நிற்கும். ஏழு பலகை உயரமுள்ள வேகனில் அந்த ஒரு பலகையைச் சரியான நிறத்தில் வைத்திருப்பவரைத் தேடிப்போய் கை குலுக்கலாம்.

எந்தச் சரக்கு என்பதும் அழுக்கைத் தீர்மானிக்கிறது. கார்ன்வாலின் வெள்ளைக் களிமண் சுமந்த வேகனில் மூலை முடுக்கெல்லாம் மாவு அப்பியிருக்கும். இரும்புத்தாது வேகன் சிவப்பு. சக்கரங்களுக்கு நடுவே எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பிரேக் தேய்ந்து பறந்த செம்பழுப்புத் தூள். ஆனால் அச்சுப்பெட்டிக்குக் கீழே தூள் நிற்காமல் எண்ணெய் கசிந்து கறுத்து மினுங்கும்.

இருபது வேகன்களைச் சேர்த்து ஒரு ரயிலாக ஓட்டும்போது இன்னொரு நிதானம் தேவைப்படுகிறது. எல்லாமே உளுத்துப்போனவையாக இருந்தால் கண் சலித்துவிடும். இரண்டோ மூன்றோ போதும். மற்றவை நடுத்தரம். ஒன்றாவது பட்டறையிலிருந்து போன வாரம் வந்ததாக இருக்க வேண்டும். செய்வதற்கு அதுதான் கடினம் என்பேன். உடம்பில் புதுச் சாம்பல், எழுத்துகள் பளிச்சென்ற வெள்ளை. ஆனால் ஒரு வாரம் ஓடியதில் அடிச்சட்டம் லேசாகப் பழுப்பேறியிருக்கும், கதவின் கீழ் விளிம்பில் முதல் சுமையைக் கொட்டிய கீறல் இருக்கும், உள்ளே தளத்தில் கரித்தூள் ஒட்டியிருக்கும். அதற்கு மேல் ஒரு தொடுகை கூடினாலும் கெட்டது.