கடக ச்ருதியும் யோவான் நற்செய்தியும்

எம்பெருமானார் தரிசனத்தின் துணைகொண்டு விவிலியத்திற்குப் பொருள் காண முயன்ற தமிழ்க் கிறிஸ்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர், பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயராக விளங்கிய அ. ஜே. அப்பாசாமி. யோவான் நற்செய்தியைப் பக்திமார்க்க நூலாக ஆராயும் அவரது ஆங்கில நூல் 1927-இல் வெளிவந்தது. தாமும் தந்தையும் ஒன்றே என இயேசு கூறுவதை (10:30) ஸ்வரூபைக்யமாகக் கொள்வாரும் உளர். தந்தை தம்மினும் பெரியவர் என்னும் வாக்யத்தையும் (14:28) உடன்வைத்து நோக்கிய அப்பாசாமி, அவ்வொருமை அன்பாலும் செயலாலும் ஆயது என்றார். ஒரு வாக்யத்தைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளாத இம்முறை, பேத, அபேத ச்ருதிகளை நம் பூர்வாசார்யர்கள் நிர்வஹித்த முறையோடு ஒக்கும், போற்றத்தக்கது.

ஆயினும் அது நிறைவு பெறவில்லை. அவ்விருவகை ச்ருதிகளையும் இணைப்பது கடக ச்ருதியான அந்தர்யாமி ப்ராஹ்மணம். அது காட்டும் சரீராத்மபாவம் இசைவு மாத்திரமன்று. தாங்குதல், நியமித்தல், சேஷியாயிருத்தல் மூன்றும் ஸ்ரீபாஷ்யம் கூறும் சரீர லக்ஷணத்தில் அடங்கும். அன்பின் ஒருமை தனியே நின்று கடகமாகாது.

மேலும், உபக்ரம உபஸம்ஹாரங்களும் அவர் முடிவுக்கு இசையவில்லை. வார்த்தை தெய்வமாயிருந்தது என்று தொடங்கும் அந்நூல் (1:1), முடிவை அணுகுகையில் தோமாவின் வாயால் இயேசுவையே ஆண்டவர், தெய்வம் என்று அறிக்கையிடுகிறது (20:28). இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் 10:30-க்கு இசைவு மாத்திரம் பொருளாகாது. பிற சமய நூலை ஆராய்வார்க்கு நம் ஸம்ப்ரதாயம் தரத்தக்கது வாக்யார்த்த நிர்ணய நெறியே. ஸித்தாந்தத்தை அந்நூல்மேல் ஏற்றுவது அந்நெறிக்கே மாறாகும்.