எண்ணெய்க்கு ஒரு சாண் தொலைவில் விளக்கு

புதிதாகத் திறக்கும் பலசரக்குக் கடைகளும், ‘ஆர்கானிக்’ என்று பெயர்ப்பலகை வைத்த மரச்செக்கு எண்ணெய்க் கடைகளும் இப்போது ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. குரோம் பூச்சுப் பூசிய கம்பி ரேக், ஒவ்வொரு தட்டின் அடியிலும் கிளிப் போட்டு மாட்டிய எல்.இ.டி. பட்டை, அதன் கீழே நிறமில்லாத பாட்டில்களில் வரிசையாக நல்லெண்ணெய், கடலை எண்ணெய், நெய். இந்த வெளிச்சம் எண்ணெய்க்கு ஆகுமா என்று கடை அமைத்துத் தருபவர்களைக் கேட்டால், மனப்பாடமாக ஒரு பதில் வருகிறது: “எல்.இ.டி.யில் புற ஊதாக் கதிர் கிடையாது, சூடும் கிடையாது. சரக்குக்கு ஒன்றும் ஆகாது.” இதில் முதல் வாக்கியம் பெரும்பாலும் சரி. இரண்டாவது தவறு. அந்தத் தவறுதான் இன்று தட்டுக்குத் தட்டு விளக்கு மாட்டுவதற்கு நியாயமாக நிற்கிறது.

கிளிப்பின் நல்ல குணங்களை முதலில் சொல்லிவிடலாம். கூரையில் எத்தனை விளக்கு போட்டாலும் மேல்தட்டின் நிழல் கீழ்த்தட்டில் விழும். கீழ்த்தட்டில் இருக்கும் பாக்கெட்டின் விலையையும் தேதியையும் படிக்க வயதானவர்கள் குனிந்து, திருப்பி, கண்ணருகே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. தட்டின் அடியிலேயே விளக்கு இருந்தால் அந்தச் சிரமம் இல்லை. கம்பியில் துளை போட வேண்டாம், திருகு வேண்டாம். விரலால் அழுத்தினால் கவ்விக்கொள்ளும், தட்டை உயர்த்தும்போது கழற்றி வேறிடத்தில் மாட்டலாம். மின்செலவு பழைய டியூப்லைட்டைவிடக் குறைவு. ஒரு சாதனமாக இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. குறை, அதை எதன் தலைக்கு மேல் மாட்டுகிறோம் என்பதில் இருக்கிறது.

வெளிச்சம் பொருளைக் கெடுக்கப் புற ஊதாக் கதிர் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே போதும், அதிலும் நீலப் பகுதி. வெள்ளை எல்.இ.டி. என்று நாம் வாங்குவது அடிப்படையில் ஒரு நீல விளக்கு. ஏறத்தாழ 450 நானோமீட்டர் அலைநீளத்தில் நீல ஒளி உமிழும் சில்லின் மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சு ஒன்று இருக்கும். நீலமும் மஞ்சளும் கலந்து வெள்ளையாகத் தெரியும். அந்த நீல டையோடைச் சாத்தியமாக்கியதற்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014 இல் இயற்பியல் நோபல் பரிசு தரப்பட்டது. வீட்டுக்கும் தெருவுக்கும் அது பெரிய கொடை. ஆனால் பாலிலும் பல உணவுகளிலும் உள்ள ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின் பி2, ஒளியை மிகுதியாக உறிஞ்சும் இடங்களில் ஒன்றும் அதே 450 நானோமீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. விளக்கு எதை அதிகமாகக் கொட்டுகிறதோ அதையே அந்த வைட்டமின் அதிகமாகக் குடிக்கிறது. குடித்த ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கடத்திவிட்டுத் தானும் சிதைகிறது. தூண்டப்பட்ட ஆக்சிஜன் கொழுப்பையும் புரதத்தையும் தாக்குகிறது.

புற ஊதாவைப் பற்றிய ஆறுதல் இன்னொரு வகையிலும் பொருளற்றது. நிறமில்லாத பெட் பாட்டிலே புற ஊதாவின் குறுகிய அலைநீளப் பகுதியைத் தடுத்துவிடுகிறது. தடுக்காமல் உள்ளே விடுவது கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான். ஆகவே “புற ஊதா இல்லை” என்னும் விற்பனையாளர், பாட்டிலுக்குள் ஒரு பகுதிதான் நுழையக்கூடிய ஒன்றைக் காட்டி நம்மைத் தேற்றிவிட்டு, முழுவதுமாக நுழைவதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இது காகிதத்தில் மட்டும் உள்ள வேதியியல் அல்ல. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016 இல் வெளியிட்ட ஆய்வில், எல்.இ.டி. வெளிச்சம் பட்ட பாலையும் படாத பாலையும் நுகர்வோரிடம் குடிக்கக் கொடுத்தார்கள். நான்கு மணி நேரமே வெளிச்சம் பட்ட புதிய பாலைவிட, விற்பனைத் தேதி முடியும் தறுவாயில் இருந்த, வெளிச்சம் படாத பாலையே மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு வாரப் பழமை செய்யாத கெடுதலை ஒரு முற்பகல் வெளிச்சம் செய்துவிட்டது. தமிழ்நாட்டில் பால் பெரும்பாலும் நிறம் அச்சிட்ட உறையில், விடிகாலையில் வந்து அன்றே தீர்ந்துவிடுகிறது. அதனால் பாலில் நாம் தப்பித்தோம். எண்ணெயில் தப்பிக்கவில்லை.

எண்ணெயில் ரைபோஃபிளேவினின் வேலையைச் செய்வது பச்சையம். விதையிலிருந்து எண்ணெயோடு சேர்ந்து வரும் இது எண்ணெய்க்கு எண்ணெய் கூடும் குறையும், ஆலிவில் மிகுதி. சுத்திகரிப்பு ஆலையில் வெளுப்பு மண் கொண்டு நிறம் நீக்கும்போது இதில் பெரும்பகுதி போய்விடும். செக்கில் ஆட்டி, படியவிட்டு, வடிகட்டி மட்டும் விற்கும் எண்ணெயில் அது தங்கிவிடும். பச்சையமும் நீல ஒளியை நன்றாக உறிஞ்சும். அது தூண்டிவிடும் ஆக்சிஜன், எண்ணெயில் உள்ள லினோலெயிக் என்ற கொழுப்பு அமிலத்தைச் சாதாரண ஆக்சிஜனைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலான வேகத்தில் தாக்குகிறது. இருட்டில் வைத்த எண்ணெய் காறுவதற்கு ஒரு தாமதம் உண்டு. இயற்கையான தடுப்புப் பொருள்கள் தீரும்வரை அது நின்று பிடிக்கும். வெளிச்சத்தால் தொடங்கும் சிதைவுக்கு அந்தத் தாமதம் இல்லை, விளக்கு எரியத் தொடங்கியதுமே தொடங்கிவிடும். நல்லெண்ணெயில் செசமால் போன்ற காப்புப் பொருள்கள் இருப்பதால் அது மற்றவற்றைவிடத் தாங்கும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அதற்கும் ஆபத்து குறைவு. கடலை எண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் அந்தப் பேறு இல்லை. ஆக, எதைச் செய்யாமல் விட்டது என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கிறார்களோ, அதைச் செய்யாததாலேயே வெளிச்சத்திலிருந்து அதிகம் காக்கப்பட வேண்டிய எண்ணெய் செக்கெண்ணெய். அதைத்தான் கடையிலேயே மிகப் பிரகாசமான தட்டில் நிறுத்துகிறார்கள்.

நம் வீடுகளில் எண்ணெய் பீங்கான் ஜாடியில் இருந்தது, கடைகளில் 15 கிலோ தகர டின்னில் இருந்தது. இரண்டுமே ஒளி புகாதவை. 1998 இல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து நீர்க்கோவை நோய் பரவியபின், உதிரி எண்ணெய் விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது. அடைத்து விற்பது சட்டமானது. கலப்படத்தைத் தடுக்க அது சரியான நடவடிக்கைதான். ஆனால் டின் போய்ப் பாட்டில் வந்தபோது, டின் தந்த இருட்டும் கூடவே போயிற்று. கூரை விளக்கு மட்டும் இருந்த காலத்தில் விளக்குக்கும் பாட்டிலுக்கும் இருந்த இடைவெளி அந்த இழப்பை ஓரளவு சமாளித்தது. கிளிப் வந்ததும் அந்த இடைவெளியும் இல்லாமல் போயிற்று.

இங்கேதான் தொலைவின் கணக்கு வருகிறது. ஒரே விளக்கை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து இறக்கி இருபது சென்டிமீட்டரில் வைத்தால், அதன் அடியில் விழும் வெளிச்சம் பத்து மடங்குக்குக் குறையாமல் கூடும். பட்டை விளக்கின் வாட் குறைவு என்று சொல்லிச் சமாதானம் அடைய முடியாது. நெருக்கம் அந்தக் குறைவை ஈடுகட்டிவிடுகிறது. ஒளியால் வரும் கேட்டை அருங்காட்சியகத்தார் வெளிச்சத்தின் அளவையும் நேரத்தையும் பெருக்கித்தான் கணக்கிடுகிறார்கள். பழைய துணிக்கும் நீர்வண்ண ஓவியத்துக்கும் அவர்கள் வைத்திருக்கும் வரம்பு 50 லக்ஸ். எட்டு மணி நேரம் காட்டினால் ஒரு நாளைக்கு 400 லக்ஸ்-மணி. கடைத்தட்டில் பாட்டில் மேல் 1,000 லக்ஸ் விழுகிறது, கடை பன்னிரண்டு மணி நேரம் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு 12,000 லக்ஸ்-மணி. எண்ணெய் ஓவியம் அல்ல, நூறாண்டு இருக்க வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஓவியத்தை யாரும் குழந்தைக்கு இட்லிப் பொடியில் குழைத்துக் கொடுப்பதில்லை.

கம்பி ரேக் இதை இன்னும் மோசமாக்குகிறது. அது பலசரக்கு அடுக்குவதற்கென்று பிறந்ததல்ல. அமெரிக்காவின் மெட்ரோ நிறுவனம் 1960களில் ‘சூப்பர் எரெக்டா’ என்ற பெயரில் பரவலாக்கிய இந்த அமைப்பு, பெரிய சமையற்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும்தான் வேரூன்றியது. தூணில் ஒரு அங்குலத்துக்கு ஒரு வரிப்பள்ளம். வேண்டிய உயரத்தில் தட்டைப் பொருத்தலாம். கம்பிக்கு இடையே காற்று போகும், தூசி தங்காது, வெளிச்சமும் புகுந்து போகும். சமையற்கூடத்தில் அது வசதி. விளக்கு மாட்டிய கடை ரேக்கில் அதுவே கேடு. பலகைத் தட்டாக இருந்தால் ஒரு விளக்கு ஒரு தட்டோடு நிற்கும். கம்பித் தட்டில் மேல்தட்டு விளக்கின் வெளிச்சம் பாட்டில்களின் சந்து வழியே அடுத்த தட்டுக்கும் வடிகிறது. குரோம் பூச்சு மிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. பாட்டிலுக்கு நிழலான பக்கம் என்று ஒன்று இல்லாமல் போகிறது.

கிளிப்பின் எளிமையே என் பெரிய ஆட்சேபம். சுவரில் துளை போட்டு, வயர் இழுத்து, மின்பணியாளரைக் கூப்பிட்டு விளக்கு போட வேண்டியிருந்தவரை, எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று யாராவது ஒருவர் யோசித்தாக வேண்டும். இப்போது பெட்டியில் இருபது கிளிப் வருகிறது, இருபதையும் மாட்டிவிடுகிறார்கள். சோப்புக்கும் அதே விளக்கு, எவர்சில்வர் டப்பாவுக்கும் அதே விளக்கு, எண்ணெய்க்கும் அதே விளக்கு. கம்பிக்கூடையில் கொட்டிய உருளைக்கிழங்குக்கும் அதுவே. வெளிச்சத்தில் கிடக்கும் உருளை பச்சையாகும். பச்சை நிறம் தன்னளவில் தீங்கற்றது, ஆனால் அதோடு சேர்ந்து சொலனின் வகை நச்சும் கூடுகிறது. மஞ்சள்தூளின் குர்குமின் ஒளியில் சிதைந்து வெளிறும். ‘வெளிச்சம் படாமல் வைக்கவும்’ என்று அட்டையில் அச்சிட்ட மருந்துகள் எத்தனையோ. மருந்துக் கடைக்காரர்கள் பழுப்பு பாட்டிலுக்கும் அட்டைப்பெட்டிக்கும் இருக்கும் காரணத்தை அறிந்தவர்கள். பலசரக்குக் கடையில் அந்தக் கேள்வியே எழுவதில்லை.

“சரக்கு வேகமாக ஓடுகிறது, காறுவதற்குள் விற்றுவிடும்” என்பது அடுத்த வாதம். வேகமாக ஓடும் கடையில், வேகமாக ஓடும் சரக்குக்கு இது பொருந்தும். பாட்டில் ஒன்று முந்நூறு, நானூறு ரூபாய்க்கு விற்கும் கடையில் சரக்கு அப்படி ஓடுவதில்லை. அதோடு, புதுச் சரக்கைப் பின்னால் தள்ளிப் பழையதை முன்னால் எடுத்து வைப்பதுதான் நல்ல கடைப் பழக்கம். விளிம்பில் விளக்கு மாட்டிய தட்டில் அந்த நல்ல பழக்கமே, ஏற்கெனவே அதிக நாள் நின்ற பாட்டிலை விளக்குக்கு நேர் கீழே கொண்டுவந்து நிறுத்துகிறது. பாட்டிலின் மேல் அச்சான காலக்கெடு, குளிர்ந்த, உலர்ந்த, வெளிச்சம் படாத இடத்தில் வைப்பார்கள் என்ற நம்பிக்கையில் கணக்கிடப்பட்டது. அந்தக் காலக்கெடுவைப் படிக்க உதவும் விளக்கே அந்த நம்பிக்கையைப் பொய்யாக்குகிறது.

இந்தக் கேட்டின் பழி சரியான இடத்துக்கு ஒருபோதும் போவதில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்ததும் காறல் வாடை வந்தால், வாங்கியவர் விளக்கை நினைப்பதில்லை. “செக்கெண்ணெய் என்றாலே சீக்கிரம் கெட்டுவிடும்” என்று முடிவுகட்டி அடுத்த மாதம் சுத்திகரித்த எண்ணெய்க்குத் திரும்பிவிடுகிறார். நல்ல எள்ளைத் தேடி வாங்கி, காயவைத்து, கருப்பட்டி சேர்த்துப் பதமாக ஆட்டிய செக்குக்காரர் பழி சுமக்கிறார். அவர் உழைப்பைப் பார்வைக்கு அழகாக்குவதாகச் சொல்லிக்கொண்டு அதன் மணத்தையும் சுவையையும் தின்னும் அலங்காரம் இது. விளக்கு விற்றவர் இந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை. விளக்கின் உத்தரவாத அட்டையில் விளக்கு எத்தனை ஆண்டு எரியும் என்று இருக்கிறது. அதன் கீழே வைத்த பொருள் எத்தனை நாள் தாங்கும் என்று ஒரு வரி இல்லை.

செய்ய வேண்டியது கடினமல்ல. எண்ணெய், நெய், கொட்டை வகை, மசாலாத்தூள், உருளை வைக்கும் தட்டுகளில் கிளிப்பைக் கழற்றுங்கள். விலையும் தேதியும் தெரிய வேண்டும் என்றால், பட்டையை முன்விளிம்பில் மாட்டி, பொருளுக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு மறைப்பு வைத்து, விலைச்சீட்டின் மேல் மட்டும் ஒளி விழச் செய்யுங்கள். 6500 கெல்வின் வெள்ளைக்குப் பதில் நீலம் குறைந்த 2700 கெல்வின் விளக்கு போடுங்கள். கேடு குறையும், ஆனால் நீங்காது. ஆள் வரும்போது மட்டும் எரியும் சென்சார் இப்போது கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது. செக்குக்காரர்கள் தகர டின்னுக்கோ அடர்பழுப்பு பாட்டிலுக்கோ திரும்ப வேண்டும். எண்ணெயின் நிறத்தைக் காட்டித்தான் விற்க முடியும் என்றால், மாதிரிக்கு ஒரு பாட்டிலை மேசைமேல் வைத்தால் போதும்.

சோப்பையும் பாத்திரத்தையும் எவ்வளவு வேண்டுமானாலும் ஜொலிக்க வையுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. சாப்பிடும் பொருளுக்கு மட்டும் வேறு விதி வேண்டும். அதைப் பார்வைக்கு வைப்பதைவிடப் பாதுகாத்து வைப்பதுதான் கடைக்காரரின் முதல் கடமை. அந்தக் கடமையைச் செய்ய முடியாதபடி மாட்டிய விளக்கு எத்தனை கச்சிதமாகக் கவ்விக்கொண்டாலும் கழற்ற வேண்டியதே.