காயில் கட்டும் விரல்கள்

பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் மோட்டார் புகைந்துவிட்டால் நேரே காயில் கட்டும் பட்டறைக்குத்தான் வரும். கருகிய கம்பியை வெட்டி உருவி, சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, ஸ்லாட்டுகளைச் சுரண்டித் துடைத்து, இன்சுலேஷன் தாளை மடித்துச் செருகுகிறார் மெக்கானிக். பிறகுதான் பார்க்க வேண்டும் அந்த விரல்களை! பளபளக்கும் செம்புக் கம்பியை, சடை பின்னக் கூந்தல் வகிர்வதுபோல், சில இழைகளாகப் பிரித்துப் பிரித்து உள்ளே இறக்குகிறார். எனாமலில் ஒரு கீறல் விழுந்தாலும் ஷார்ட் ஆகிவிடலாம். அதனால் அவசரமே கிடையாது.

மூங்கில் சீவலைத் தட்டி இறுக்கி, நூலால் வரிந்து கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்கும்போது எழும் அந்த நெடி எனக்கு ரொம்பப் பிடிக்கும். புதுப் பேரிங்கும் போட்டுச் சுவிட்சைத் தட்டினால், கரகரப்பில்லாத ஒரே சீரான ரீங்காரம். நல்ல கை கட்டிய காயில் வருஷக்கணக்கில் உழைக்கும். பழைய மோட்டாரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.